நாலா, ஆறா

உட்கார்ந்த வேகத்தில் மாதேஸ்வரன் எழுந்துவிட்டான். மே மாதத்து மூன்றரை மணி வெயிலை முழுசாகக் குடித்துவிட்டு அந்த பிளாஸ்டிக் நாற்காலி இவனுக்கென்றே காத்திருந்த மாதிரி சுட்டது. சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் செய்கிற காரியம் ஒன்றுதான். நுழைவாசலில் சும்மா கொடுத்த அட்டையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். இவனும் போட்டான். அட்டையின் ஒரு பக்கம் பெரிய 4, மறு பக்கம் பெரிய 6, இரண்டு பக்கமும் உச்சியில் தொப்பி போட்ட மைனா ஒன்று மஞ்சள் மூக்கைத் திறந்து சிரித்தது. மைனா ப்ளே, போனில் காசு கட்டி கிரிக்கெட் பந்தயம் ஆடுகிற ஆப். வாசலில் அந்தப் பெண் நீட்டியபோதே வேண்டாம் என்று கையை இழுத்திருக்கலாம். இழுக்கத்தான் செய்தான். "ஃப்ரீதாங்ணா, வாங்கிக்கங்க" என்று சட்டைப்பைக்கு நேராக நீட்டினாள். அவளைச் சொல்லி என்ன, வெயிலில் நிற்கிறாள், கட்டு தீர்ந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். ஃப்ரீதான். அந்த ஆப்பும் முதலில் ஃப்ரீயாகத்தான் வந்தது. சரி, உன்மேல்தான் உட்காரப்போகிறேன், கிட என்று மைனாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. பக்கத்தில் யாராவது தெரிந்தவன் இருந்தால் சொல்லிச் சிரித்திருப்பான். யாருமில்லை. யாருக்கும் தெரியாமல் வந்தவனுக்குத் துணைக்கு யார் வருவார்கள். கடை முதலாளியிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைக் கூட்டத்தையும் விட்டுவிட்டு, பைபாஸ் வரை டவுன் பஸ், அங்கிருந்து நடை. எதற்கு? வெறும் கையோடு ஒரு மேட்ச்சை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்க்க முடிகிறதா என்று பார்க்க. முடிந்தால் நாளைக் காலை ஆறேகால் பஸ்ஸில் அரூர் போய்ப் பெண்டாட்டி பூங்கொடியையும் மகள் மிருதுளாவையும் கூட்டிக்கொண்டு வரலாம். முடியாவிட்டால்? அதை அவன் யோசிக்கவில்லை. முடியாது என்பது அவர்கள் வந்து வீட்டில் இருக்கும்போது தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

மைதானம் சின்னதுதான். எல்லைக் கயிற்றை ஒட்டி வட்டமாக விளக்குப் பலகை. அதில் மைனா ஓடியது. வலப்பக்கம் கிளம்பி, சுற்றி வந்து, இடப்பக்கம் போய் மறுபடி வலப்பக்கம். ஓவர் முடிந்தால் பறந்தது, விக்கெட் விழுந்தால் தலைகீழாகத் தொங்கியது. ஆட்டக்காரர்களின் தோளில் மைனா, பந்து பொறுக்கிப் போடுகிறவர்களின் முதுகில் மைனா. முன்பெல்லாம் இந்த இடத்தில் சிமெண்ட், வேட்டி, ஜவ்வரிசி விளம்பரங்கள் இருக்கும். யாரும் படிக்கமாட்டார்கள். இவன் படித்தான், படிப்பதுதானே பிழைப்பு. ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாகக் கண் பவர் பார்க்கிறான். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கில் கனமான ஃப்ரேமை மாட்டி, சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா? இப்ப ஒண்ணா, ரெண்டா? ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவையாவது கேட்பான். அதனால் எழுத்தைக் கண்டால் அளவெடுக்கிற புத்தி. மைனா ப்ளே என்கிற எழுத்து ஆள் உயரம், கண்ணாடியே இல்லாத கிழவருக்கும் எதிர்க் காலரியிலிருந்து தெரியும். அதற்குக் கீழே ஒரு வரி ஓடியது. இது பழக்கமாகிவிடக்கூடும், பொறுப்போடு விளையாடவும். அதைப் படிக்கக் கண்ணைச் சுருக்கினான். இவன் இருட்டறையில் படிக்கக் காட்டுகிற எழுத்துப் பலகையின் கடைசி வரியை விடப் பொடிசு. கடைசி வரியைப் படிக்கிறவர்களுக்கே இது தெரியாது. எழுதியவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், யாருக்கும் தெரியாது என்பது. மைனாவின் அந்தப் பொடி வரியைப் படிக்காமலே விட்டவர்களில் இவனும் ஒருத்தன். அப்போது கண் நன்றாகத்தான் இருந்தது. கை எங்கே இருந்தது, போனில் இருந்தது. இருட்டறையில் ஆளை உட்கார வைத்துவிட்டு ஒண்ணா ரெண்டா என்று வாய் கேட்கும், மேசைக்குக் கீழே போனில் ஓவர் ஓடும். அப்படித்தான் அந்த பஸ் டிரைவருக்குச் சிலிண்டர் கோணம், அதாவது சில்லைச் சாய்த்து வைக்கிற அளவு, எண்பது என்று எழுதவேண்டிய சீட்டில் நூற்றெண்பது என்று எழுதிக் கொடுத்தான். மூன்றாம் நாள் வந்து நின்றார். "ரோடு சாஞ்ச மாதிரி தெரியுதுங்க, மண்டையிடி தாங்கல" என்றார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தார். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் அந்தச் சாய்ந்த ரோட்டில் ஓட்டியிருக்கிறார். இப்போதும் பஸ் ஏறினால் மாதேஸ்வரன் முதலில் டிரைவரின் கண்ணாடியைத்தான் பார்ப்பான்.

கைதட்டல். யாரோ ஒரு ரன் எடுத்திருக்கிறார்கள். பார்க்கவில்லை. இதுதான் கேடு. பந்தைப் பார்க்க வந்துவிட்டு என்னத்தையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு காலத்தில் எப்படிப் பார்ப்பான். பந்துவீச்சாளன் ஓடிவரும்போதே விரல் தையலில் எங்கே இருக்கிறது என்று ஊகிப்பான், பந்து உள்ளே வருமா வெளியே போகுமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். அந்த ஊகம்தான் வினையாகிப்போனது. நீதான் எல்லாம் சரியாகச் சொல்கிறாயே, சும்மா சொல்வதற்கு இதில் சொல்லேன் என்று ஒருவன் போனில் மைனாவைக் காட்டினான். முதல் வாரம் சொன்னதெல்லாம் பலித்தது. அதற்கப்புறம் பந்து மறைந்துவிட்டது. பேட்டில் பட்டதா, காலில் பட்டதா, எவ்வளவு அழகாகத் திருப்பினான், ஒன்றும் தெரியாது. எண் ஏறியதா, இறங்கியதா, அது மட்டும்தான். கடைசியில் ஒரு நாள் கடை வாசலில் நின்று போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே டீக்கடையில் கேபிள் டிவி. அங்கே ஹோவென்று கத்தினார்கள். இவன் போனில் அப்போதுதான் பந்துவீச்சாளன் ஓடிவரத் திரும்பினான். கத்தி முடித்து டீயே குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், இவன் போனில் பந்து இன்னும் கையை விட்டுக் கிளம்பவில்லை. மைதானத்தில் முதலில் நடக்கிறது, டிவிக்கு ஏழெட்டு நொடி கழித்து வருகிறது, நெட்டில் பார்க்கிறவனுக்கு முப்பது, முப்பத்தைந்து நொடி. இரண்டு வருடமாக முடிந்துபோன பந்துக்கு இவன் ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். சிரிப்புதான் வர வேண்டும். வரவில்லை. சரி, இனி கேபிளில் பார்க்கலாம் என்றுதான் புத்தி போனது. அவ்வளவு நல்ல புத்தி. அன்றைக்கும் வீட்டுக்குப் போனதும் பூங்கொடி அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள், "எவ்வளவு?" இவன் செருப்பைக் கழற்றியபடி சொன்னான், "எதுவும் இல்ல." எவ்வளவு போச்சு என்று அர்த்தம். தினமும் அதே கேள்வி, அதே பதில். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். பார்த்தால் பொய் தெரிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். இவனுக்கு அந்தப் பயம் கூட இல்லாமல் போயிருந்தது.

ஆனால் அவள் போனது பொய்க்காக இல்லை, அடகுக்குப் போன நகைக்காகக் கூட இல்லை. நாலா ஆறா. அதற்காகப் போனாள். மிருதுளாவுக்கு அப்போது ஒன்பது முடியவில்லை. பக்கத்தில் வந்து உட்காருவாள், அப்பா என்ன பார்க்கிற? இவன் கேட்பான், சாமி, நாலா ஆறா, சொல்லு. விளையாட்டு என்று நினைத்துச் சொன்னாள். அவள் நாலு என்றால் நாலு வந்தது. ராசிக்காரி. அப்புறம் ஸ்கூல் விட்டு வந்ததும் வராததுமாக, பையைக்கூடக் கழற்றவிடாமல், சாமி, நாலா ஆறா? ஒரு நாள் ஆறு என்றாள். ஆளை அவுட் ஆக்கிவிட்டார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். எப்படிப் பார்த்தான் என்று அவனுக்குத் தெரியாது, தன் முகம் தனக்கு எப்படித் தெரியும். மிருதுளாவுக்குத் தெரிந்தது. "சாரிப்பா" என்றாள். "நான் தப்பா சொல்லிட்டேன்பா." வாசற்படியில் நின்ற பூங்கொடிக்கும் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு போட்டாள், பாத்திரம் கழுவினாள், விடிந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அரூரில் அண்ணன் குமரேசன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருசம் தொடாம இருங்க, அப்புறம் வாறேன் என்றாள். இருந்தான். போனை விற்றுவிட்டுப் பட்டன் போன் வாங்கினான். பதினொரு மாதம், இருபத்தொன்பது நாள். ஜூனில் ஸ்கூல் திறக்கிறது, நாளைக்கு வந்து கூட்டிக்கங்க என்று போன வாரம் அவளே சொன்னாள். இன்று காலை மிருதுளா பேசினாள். "அப்பா, இன்னிக்கு நம்ம ஊர்ல மேட்ச். மாமா நெட்டுல போடுவாரு, நான் பாப்பேன். நீ பாப்பியா?" அப்பா பார்க்கலாமா என்று கேட்கிற குரல் அது. "கடை இருக்கு சாமி" என்றான். டிக்கெட் அப்போதே சட்டைப்பையில் இருந்தது. ஒரு வருடத்தில் அவர்களிடம் சொன்ன பொய் இது ஒன்றுதான். இதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பார்க்கப்போகிறேன், என்னைச் சோதித்துக்கொள்ளப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் பூங்கொடி என்ன சொல்லியிருப்பாள்? எதுக்குங்க என்றிருப்பாள். குடியை விட்டவன் கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன் என்று சொன்னால் யார் மெச்சுவார்கள்.

"அண்ணா, அடுத்த ஓவர் எவ்வளவுங்ணா வரும்?" பக்கத்து சீட்டுக்காரன். துணிக்கடைச் சீருடையை மாற்றாமலே வந்திருக்கிறான், சட்டைப்பையில் கடைப்பெயர். மடியில் போன், போனில் மைனா. கேட்டது இவனைத்தானா என்பது கூட நிச்சயமில்லை, காற்றைப் பார்த்துக் கேட்டான். மாதேஸ்வரனின் வாய் திறந்துகொண்டது. "இடது கையன் போடப்போறான். காத்து மலைப்பக்கமிருந்து வருது. எட்டுக்கு மேல போகாது." ஏழு. துணிக்கடைக்காரன் முதல் முறையாக இவன் முகத்தைப் பார்த்தான். "அடுத்தது?" வாயை மூடு, மாதேஸ்வரா. "பன்னிரண்டு, ஒரு விக்கெட்டு." அந்த ஓவரில் அப்படியே பன்னிரண்டு, ஒரு விக்கெட். அந்தப் பழைய சூடு ஏறியது. அது ஏறுவதை அவனால் நிறுத்த முடியவில்லை. நல்லதாகவும் இருந்தது. அதுதான் அவமானம், நல்லதாக இருந்தது. பதினொரு மாதம் எங்கே போயிருந்தாய் என்று அதைக் கேட்கவேண்டும் போலிருந்தது. எங்கும் போகவில்லை, உட்கார்ந்த இடத்தில் மைனாவோடு மைனாவாக இருந்திருக்கிறது. "அண்ணா, நீங்க யாருங்ணா? போன் எடுங்க, உங்களுக்கு ஒரு ஐடி போட்டுத் தர்றேன். முத ஆட்டம் ஃப்ரீ." மாதேஸ்வரன் பட்டன் போனை எடுத்துக் காட்டினான். அவன் சிரித்துவிட்டான். "அப்ப என் போன்லயே உங்க பேர்ல போடறேன். நீங்க சொன்னா போதும். நாலா, ஆறா?" அதே கேள்வி. அவன் எங்கே கற்றான் அதை. ஆறு என்று நாக்கு நுனிக்கு வந்தது, வந்தே விட்டது. கண்ணுக்குள் மிருதுளா பையை முதுகில் மாட்டியபடி நின்றாள், சாரிப்பா. "தெரியலைங்க தம்பி" என்றான். "எனக்கு எதுவும் தெரியாது." துணிக்கடைக்காரன் தோளைக் குலுக்கிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் இவனோடு பேசவில்லை. பத்தாயிரம் பேருக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளும் போய்விட்டான். மாதேஸ்வரன் தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துப் பாதியைக் குடித்து மீதியைத் தலையில் விட்டுக்கொண்டான். செய்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்லவேண்டும். சொன்னால், எதை என்று கேட்பார்கள்.

ஒன்பதாவது ஆளாக ஒருத்தன் இறங்கி வந்தான். பந்து போடுவதற்காக எடுத்த ஆள், பேட்டை விளக்குமாறு பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தான். கண்ணாடி போட்டிருந்தான். ஹெல்மெட் கம்பிக்குள் கண்ணாடி. மாதேஸ்வரன் நிமிர்ந்தான். பந்துக்குப் பந்து ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையில் துடைத்து, மறுபடி மாட்டினான். நடுவர் சலித்துக்கொண்டார். கூட்டம் கேலி செய்தது. "டேய் சோடாபுட்டி, சீக்கிரம்டா." வியர்வைக்கு மூக்கில் வழுக்குகிறது. மூக்குத் தாங்கியை இன்னும் கொஞ்சம் நெருக்கி வளைத்திருக்கவேண்டும், எந்தக் கடையில் போட்டானோ. மைனஸ் மூன்று இருக்குமா? மூன்றரை. கம்பிக்கும் லென்ஸுக்கும் இடையில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும், பந்து இரண்டாகத் தெரியும், பாவம். பின்பக்கம் ஒரு பட்டை கட்டிக்கொள்ளச் சொல்லவேண்டும். தலையை லேசாக இடது பக்கம் சாய்க்கிறான், ஆகவே சிலிண்டர் இருக்கிறது. எண்பதா, நூற்றெண்பதா? யாராவது சரியாக எழுதிக் கொடுத்தார்களா? ரோடு சாய்ந்து தெரியாமல் இருக்கவேண்டுமே சாமி. ஒரு பந்து பேட்டின் ஓரத்தில் பட்டுப் போனது. அடுத்தது நெஞ்சில் பட்டது. அடுத்தது. துடைத்தான், மாட்டினான், குனிந்தான். வீசுகிறவன் ஓடிவருகிறான், விரல் தையலுக்குக் குறுக்கே, மெதுவான பந்து, மெதுவான பந்துடா, பொறு, பொறு. பொறுத்தான். பேட் சுழன்றது. பந்து எழுந்தது, மலைக்கு மேலே போனது, வெயிலில் மறைந்தது, மறுபடி தெரிந்தது, நேராக இந்தக் காலரிக்குத்தான். எல்லாரும் எழுந்தார்கள். மாதேஸ்வரனும் எழுந்தான். கத்தினான். என்ன கத்தினான் என்று தெரியாது. தலைக்குள் ஒரு எண் இல்லை. ஏறவில்லை, இறங்கவில்லை, வெறும் பந்து, வெறும் வானம், கண்ணாடி போட்ட ஒருத்தன் அடித்துவிட்டான். எத்தனை வருடம் கழித்து. கண்ணில் தண்ணீர் வந்தது. பந்து நாலு வரிசை தள்ளி விழுந்து உருண்டது. கூட்டத்தோடு கூட்டமாகக் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே பெரிய திரையைப் பார்த்தான். திரையில் ஒருவன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான். முன்வழுக்கை, நனைந்த தலை, நீலக் கட்டம் போட்ட சட்டை. அவன் கையில், தலைக்கு மேலே, அட்டை. 6. அதற்கு மேலே மைனா. எழுந்தபோது அடியில் கிடந்ததை எடுத்திருக்கிறான். எப்போது எடுத்தான்? எல்லாரும் எடுத்தார்கள், கை எடுத்தது. கேமரா அவனை விடவில்லை. நெருங்கி வந்தது. மைனாவும் அவனும் மட்டும்தான் திரையில்.

கையை இறக்கினான். திரையில் அவனும் இறக்கினான், அப்புறம் வேறு யாரோ வந்தார்கள். அவ்வளவுதான், மூன்று நொடி. இங்கே முடிந்துவிட்டது. அரூரில் இன்னும் நடக்கவில்லை. குமரேசன் வீட்டில் கேபிள் இல்லை, நெட்தான். அங்கே இந்நேரம் அந்தக் கண்ணாடிக்காரன் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான். முப்பது நொடி. பூங்கொடிக்கு இன்னும் தெரியாது. இந்த முப்பது நொடிக்கு அவள் நாளைக்கு வீட்டுக்கு வரப்போகிறவள், பெட்டி கட்டி வைத்திருப்பாள். டிவியை நிறுத்தச் சொல்லலாமா? கரண்ட் போகக் கூடாதா, வெயில் காலம்தானே, தினம் போகிறதே. போனை எடுத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினான். கடைசியாகப் பேசிய நம்பர் அதுதான். கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை, கீங் கீங் என்று அறுந்தது. எட்டு நொடி. மறுபடி அழுத்தினான். முதலில் நானே சொல்லிவிட்டால் அது வேறு. அவள் பார்த்துவிட்டு நான் சொன்னால் அது வேறு. ரிங் போனது. போனது. "சொல்லுங்க" என்றாள். நல்ல குரலில்தான் சொன்னாள். பின்னால் மிருதுளா கத்தினாள், "மாமா, கண்ணாடிக்காரன் மறுபடி துடைக்கிறான் பாரு." மாதேஸ்வரன் ஒரு காதைப் பொத்திக்கொண்டான். "பூங்கொடி, நான் மேட்ச்சுக்கு வந்திருக்கேன். பாக்க மட்டும்தான் வந்தேன். நீ இப்ப டிவியில..." "கேக்கலைங்க, என்னங்க அங்க அவ்வளவு சத்தம்?" "பாக்க மட்டும்தான்." அப்போது போனுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பத்தாயிரம் பேர் எழுந்து கத்துகிற சத்தம். அதற்குள் எங்கேயோ அவன் குரலும் இருந்தது. மிருதுளா அலறினாள், "அம்மா, அப்பா. டிவியில அப்பா." பிறகு பூங்கொடி கேட்டாள், "எவ்வளவு?" "எதுவும் இல்ல" என்றான். உண்மைதான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு அது உண்மை. ஆனால் அதே இரண்டு வார்த்தை, அதே குரல், செருப்பைக் கழற்றியபடி சொன்ன அதே இழுப்பு. அவன் காதுக்கே பொய்யாகத்தான் கேட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தேடினான். "சரிங்க" என்றாள் பூங்கொடி. கோபமே இல்லை. "நாளைக்குப் பஸ் ஏற வேண்டாம்." போன் கைமாறுகிற சத்தம். மிருதுளா மூச்சிரைக்கச் சொன்னாள், "அப்பா, ஆறு வந்துருச்சுப்பா. நான் அன்னிக்கே ஆறுன்னுதான சொன்னேன். இப்ப சரியாப் போச்சில்லப்பா?" அவன் வாயைத் திறந்தான். தூரத்தில் பூங்கொடி, "வை சாமி, போனை வை." வைத்துவிட்டார்கள். சுற்றிலும் எல்லாரும் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள், பின்னாலிருந்து ஒருவர் மறைக்காதீங்க, உக்காருங்க என்றார். மாதேஸ்வரன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தான். நாற்காலி சுட்டது. அவன் எழுந்திருக்கவில்லை.